கல்முனையில் பார்த்த படமும் நமது பிள்ளை மடுவமும்

கடந்த பாடசாலை விடுமுறையில் நாங்கள் நால்வர் கல்முனைப் பக்கம் போயிருந்தோம். மருதமுனையில் தறி நெய்யும் குடும்பமொன்றில் தங்கினோம். இஷாத் தொழுகை முடிந்ததும் வீட்டுக்காரக் காக்கா, "வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்" என்று கூட்டிப் போனார். கடையின் உள்சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மேசைமேல் இரவல் வாங்கிய புரொஜெக்டர். வாரத்தில் ஒருநாள் இப்படிப் படம் போடுகிறார்களாம். கடலுக்குப் போகிறவர்கள், நெசவாளர்கள், ஓட்டோ ஓட்டுபவர்கள் என்று முப்பது பேர் வரை இருந்தார்கள். டிக்கட் கிடையாது. ஆளுக்கொரு பிளேன்டீ வாங்கினால் சரி.

அன்று போட்டது மஜீத் மஜீதி 1997இல் எடுத்த ஈரானியப் படம், 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்'. தங்கையின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அண்ணன், தன் ஒரே சோடியை அவளோடு பங்குபோட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். அவள் காலையில் போட்டுவிட்டு ஓடிவந்து கொடுக்க, அவன் பின்னேர வகுப்புக்கு ஓடுகிறான். ஓரிடத்தில் தகப்பன் பள்ளிவாசலுக்காகச் சீனிக்கட்டி உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் கொண்டுவந்த தேநீரில் சீனி இல்லை. முன்னால் சீனி குவிந்து கிடக்கிறது. ஆனால் அது பள்ளிவாசல் சொத்து என்று ஒரு துண்டும் தொடமாட்டார். அந்த இடத்தில் கடையே அமைதியானது. நமக்கோ நினைவு வேறெங்கோ போனது. சப்பாத்து கிழிந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு வயிற்றுவலி என்று லயத்தில் நின்றுவிடும் பிள்ளைகளை நமது வகுப்பறைகளில் நாம் அறிவோம்.

படம் முடிந்தும் யாரும் எழும்பவில்லை. நாம் தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்ததும் ஒரு பெரியவர் கேட்டார்: "நாங்க குடிக்கிற தேயிலைய ஆயிற சனத்தப் பத்திப் படம் ஒண்டும் இல்லியா?"

இருக்கிறது என்றோம். ஆனால் நாமே பார்த்தது எத்தனை என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தோம்.

தேயிலையை உலகத்துக்கு விற்பதற்காகத் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் 1934இல் 'சோங் ஒஃப் சிலோன்' எடுக்கப்பட்டது. பசில் ரைட் இயக்கிய அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது; இன்றும் திரைப்படப் பள்ளிகளில் காட்டுகிறார்கள். நம் பக்கத்துக் கதை திரைக்கு வர 1963இல் 'தோட்டக்காரி' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1975இல் 'புதிய காற்று' வந்தது. அதைத் தயாரித்து நடித்த வீ. பி. கணேசன் ஒரு தொழிற்சங்கவாதி என்பதை நமது இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் எரிந்தன. பின்னர் 2013இல் சுமதி சிவமோகன் மலையக மக்களை வைத்து 'இங்கிருந்து' எடுத்தார். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதைத் தொட்டுப் படம் எடுத்தவரும் அவரே. கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, இரண்டையும் அடுத்தடுத்த வாரம் போடவேண்டும் என்று உடனே பெயரை எழுதிக்கொண்டார்.

திரும்பிவந்து இதை மாவட்டக் கமிட்டியில் சொன்னோம். "சம்பளப் பிரச்சினை கிடக்கப் படமா?" என்று சில தலைவர்மார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தோழர்களே, சம்பளத் துண்டில் சந்தா வெட்டுவதைத் தவிர, சங்கம் என்று ஒன்று இருப்பதை நமது அங்கத்தவர் மாதத்தில் எத்தனை தடவை உணர்கிறார்? கூட்டம் வைத்தால் பதினைந்து பேர். அரைப் பேர் போட்டாலும் தனியாகப் போய்க் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வருகிறோம். ஒரே காம்பராவுக்குள் நாலு பேர் நாலு போனைப் பார்க்கிறோம். கூடி உட்காரும் பழக்கமே விட்டுப்போனபின் வேலைநிறுத்தத்துக்கு மட்டும் கூடுவது எப்படி? கேரளத்தில் ஜோன் ஏபிரகாமும் தோழர்களும் 1980களில் ஊர் ஊராகச் சப்ளினின் 'தி கிட்' படத்தைக் காட்டி, சனங்களிடம் சேர்த்த காசில் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். நாம் படம் எடுக்க வேண்டாம். பார்த்துப் பேசினால் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கல்முனைக் கடையில் பெண்கள் இருக்கவில்லை. கேட்டோம். சனிக்கிழமை பின்னேரம் ஒரு வீட்டில் அவர்களுக்குத் தனியாகப் போடுவதாகவும், அங்கேதான் பேச்சு அதிகம் என்றும் காக்காவின் மகள் சொன்னாள். அதைக் குறைசொல்ல நமக்கு என்ன தகுதி? நமது தோட்டத்தில் இரவு எட்டு மணிக்குப் படம் போட்டால் வரப்போவது ஆண்கள், அதிலும் பாதிப்பேர் குடித்துவிட்டு. மலையில் கொழுந்தெடுத்து, வந்து தண்ணி தூக்கி, அடுப்பு மூட்டும் அக்காமார் எப்படி வருவார்கள்? சங்கத்தில் பெரும்பான்மை அவர்கள்தான். ஆகவே நமது யோசனை: ஞாயிறு பின்னேரம் மூன்று மணி, பிள்ளை மடுவம். அன்று அந்த இரண்டு மணித்தியாலமும் தேத்தண்ணி போடுவது ஆண்கள். (இதற்குத்தான் கமிட்டியில் சம்பளப் பிரச்சினையைவிடக் கூடுதல் எதிர்ப்பு.) மடுவத்துக்கு நிர்வாகத்திடம் சங்கக் கடிதத்தில் அனுமதி கேட்போம். தராவிட்டால் கோயில் மண்டபம் இருக்கிறது. புரொஜெக்டர் இரவல் கிடைக்கும். துணி எந்த வீட்டிலும் உண்டு.

முதல் படம் எது என்று லயத்தில் கேட்டுப் பார்த்தோம். பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் எம்.ஜி.ஆர். படம் என்றார்கள். கண்டியில் பிறந்தவராச்சே! அதையே போடுவோம். இரண்டாவது ஞாயிறு, அந்தச் சப்பாத்துப் படம்.