கையாற் சுழற்றினும் கைக்கருவியாகுமோ?

கொழும்பில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நம்மூரவர் ஒருவர், சென்ற மாதம் மடத்துவெளிக்கு வந்திருந்தபோது ஒரு விலைப்பட்டியலை என்முன் விரித்தார்.

"மாஸ்ரர், வைஸ் எண்டால் வைஸ்தானே? இதிலை என்ன வித்தியாசம்?"

பட்டியலில் "வைஸ், 40" என்பதற்குமேல் ஒரு சொல்லுமில்லை. முகவரோ அதனை இயந்திர உறுப்பு என எழுதிவிட்டார். சுங்கத்தார் ஐயுற்று வினவ, பெட்டிகள் ஒன்பது நாள் துறைமுகத்தில் முடங்கின. வாடகை இவர் தலையில் விழுந்தது.

ஊர்காவற்றுறைச் சுங்கமனையை அறிந்த தீவார்க்குச் சுங்கம் புதிதன்று. ஆயினும் 1988 முதல் நடைமுறையிலுள்ள எச்.எஸ். என்னும் பொருட்குறியீட்டு முறையை நம்மிற் பலர் அறியார். அதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகமெங்கும் ஒன்றே. பின்வருவனவற்றை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்ளும்.

இம்முறையில் மேசையிற் பொருத்தும் வைஸும், தச்சர் பலகைகளை ஒட்டி இறுக்கும் கிளாம்பும் 8205.70 என்னும் இலக்கத்தின்கீழ் அடங்கும். துளையிடும் இயந்திரத்தின் தட்டிலோ மில்லிங் இயந்திரத்திலோ பூட்டுதற்கென்றே செய்த வைஸ், 8466.20க்குப் போய்விடும். இரண்டையும் கையாலேயே சுழற்றுகிறோம். இங்கேதான் பலர் இடறுகின்றனர். கைப்பிடி இருப்பதனால் மட்டும் ஒன்று கைக்கருவியாகிவிடாது. அது தனித்தோ பெரும்பான்மையாகவோ எதனோடு பயன்படுவது என்பதே கேள்வி. 'கல்' என்னும் சொல் பெயரா வினையா என்பதை அது நிற்குமிடங் கொண்டல்லவா மாணவர்க்குச் சொல்கிறோம்?

"பெட்டிக்குள்ளை குறடும் வாளும் சேர்த்து வந்தால்?" என்றார் அவர். மனிதர் விடுபவரல்லர்.

சில்லறை விற்பனைக்கென ஒரே தொகுதியாக அடுக்கப்பட்டிருப்பின், அது 8206. ஆனால் வைஸும் சுத்தியலும் மட்டுமாயின், இரண்டும் 8205ஐச் சேர்ந்தனவாதலின் அத்தொகுதி 8205.90 ஆகும். முற்றும் மரத்தாலான கிளாம்புக்கோ 82ஆம் அத்தியாயத்தில் இடமேயில்லை. பொருளைப் பற்றும் பகுதி உலோகமாயிருத்தல் வேண்டும். மரக்கருவிகளுக்கு 4417 உண்டு.

இவ்வளவையும் ஒரு வணிகர் மனனஞ்செய்ய வேண்டியதில்லை. அனுப்புவோரிடம் நான்கு செய்திகளை எழுதுவித்தாற் போதும்: எதனாற் செய்தது, தாடையின் அகலம் எவ்வளவு, எங்கே பொருத்துவது, எத்தொழிலுக்குரியது. உற்பத்தியாளரின் படத்தாளும் உடனிருப்பின் முகவர் ஊகித்து எழுத நேராது.

அவர் அப்பட்டியலின் பின்புறத்திலேயே அடுத்த கட்டளையை எழுதத் தொடங்கினார்: "மேசை வைஸ், வார்ப்பிரும்பு, தாடை 4 அங்குலம், தச்சுப் பட்டறைக்கு". பிறகு எழுதுகோலை நிறுத்தி, "ஒன்பது நாள் வாடகையை ஆரிட்டைக் கேக்கிறது, மாஸ்ரர்?" என்றார். அதற்குரிய இலக்கம் எந்த அத்தியாயத்திலும் எனக்குக் கிட்டவில்லை.