ஊரெல்லாம் வாங்கினால் ஆன்டிபாடி நல்லதாகிவிடுமா?

குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்துக் காட்டுவதற்காக ஆய்வுக்கூடத்தில் வாங்கும் ஆன்டிபாடியை அவரவர் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது வீண் பீதி என்கிறார் மூத்த ஆய்வாளர் ஒருவர். அவர் முன்வைக்கும் வாதங்கள் மூன்று. நூற்றுக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகளில் பயன்பட்ட ஆன்டிபாடிக்கு அந்தக் கட்டுரைகளே சான்று. விற்கிற நிறுவனம் சோதித்துத்தான் அனுப்புகிறது. மறுபடியும் சோதிக்க நம் ஊர் ஆய்வுக்கூடங்களுக்குக் கட்டுப்படியாகாது. அனுபவசாலி சொல்கிறார் என்று மாணவர்கள் தலையாட்டிவிடக்கூடும் என்பதால்தான் இந்த மறுப்பு. மூன்று வாதங்களில் ஒன்றுகூடத் தேறாது.

முதல் வாதத்துக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார் பீட்டா என்ற புரதம் 1996-இல் கண்டறியப்பட்டது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை இதனால் மேம்படும் என்ற நம்பிக்கையில் இருபது ஆண்டுகள் ஆய்வு நடந்தது. கட்டுரைகள் குவிந்தன, சிகிச்சைதான் வரவில்லை. 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இந்தப் புரதத்துக்கான 13 ஆன்டிபாடிகளைக் கறாராகச் சோதித்து, முடிவை ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். திசுவில் அந்தப் புரதத்தை மட்டும் குறிபார்த்துப் பிடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் ஆய்வாளர்கள் அதிகம் சீண்டாத ஒன்று. அதை வைத்துத் தேடியபோது விந்தகத்தில் புரதம் தெரிந்தது, சினைப்பையில் தெரிந்தது. மார்பகத்தில், புற்று வந்த திசுவிலும் சரி, வராத திசுவிலும் சரி, அது இருப்பதற்கான ஆதாரமே கிடைக்கவில்லை. மேற்கோள் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், முதலில் கழித்துக்கட்டியிருக்க வேண்டியது இந்த நல்ல ஆன்டிபாடியைத்தான். இப்படிப்பட்ட அளவுகோலை மாணவர்கள் கையில் கொடுக்கச் சொல்கிறார் அந்த மூத்த ஆய்வாளர்.

இத்தனை பேர் எப்படி ஏமாந்தார்கள் என்று அவர் கேட்கலாம். வெஸ்டர்ன் பிளாட் செய்தவர்களுக்கு இது புதிரே இல்லை. செல்லை உடைத்து, புரதங்களை ஜெல்லில் ஓட்டி, எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, அதன்மேல் ஆன்டிபாடியை ஊற்றுகிறோம். எதிர்பார்த்த எடைக்குப் பக்கத்தில் ஒரு பேண்ட் விழுந்துவிட்டால் போதும், படமெடுத்துக் கட்டுரையில் ஒட்டிவிடுகிறோம். செல்லுக்குள் இருப்பவை ஆயிரக்கணக்கான புரதங்கள். கிட்டத்தட்ட அதே எடையில் வேறொன்று இருக்காதா? பேண்டின்மேல் பெயரா எழுதியிருக்கிறது? பக்கத்து லேனில், அந்தப் புரதத்துக்கான மரபணுவையே நீக்கிய நாக்-அவுட் செல்லை ஓட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அங்கேயும் அதே பேண்ட் விழுந்தால், நம் ஆன்டிபாடி பிடித்துக்கொண்டிருப்பது வேறு எதையோ. அந்த லேனை ஓட்டாத நூறு கட்டுரைகளைக் கூட்டினாலும் ஒரு சான்று தேறாது.

இரண்டாவது வாதம், நிறுவனத்தின் உத்தரவாதம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தும் ‘ஒய்காரோஸ்’ திட்டத்தில், 65 புரதங்களுக்கென்று விற்பனையாகும் 614 ஆன்டிபாடிகளை நாக்-அவுட் செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 2023-இல் முடிவு வெளிவந்தது. தேறாத ஆன்டிபாடியை வைத்து எழுதிய கட்டுரைகள் புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு இருந்தன. இது யாரோ எதிரிகள் செய்த சோதனை என்று ஒதுக்கிவிட முடியாது. விற்கும் நிறுவனங்களே சரக்கைக் கொடுத்து ஒத்துழைத்த சோதனை. முடிவைப் பார்த்த பிறகு, தேறாதவற்றில் சுமார் 20 சதவீதத்தை அவை விற்பனையிலிருந்து விலக்கின; சுமார் 40 சதவீதத்துக்குப் பயன்பாட்டுப் பரிந்துரையை மாற்றின. நிறுவனங்களே திருத்திக்கொண்ட விவரப்பட்டியலை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார் நம்மவர்.

ஒருமுறை சோதித்த ஆன்டிபாடிகூட என்றைக்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நுரையீரல் புற்றுநோயாளிகளில் யாருக்கு சிஸ்பிளாட்டின் மருந்து பலன் தரும் என்பதை இஆர்சிசி1 என்ற புரதத்தை வைத்துக் கணிக்கலாம் என்று 2006-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2013-இல் அதை உறுதிப்படுத்த முயன்றபோது முடிவு கைகூடவில்லை. முன்பு பயன்படுத்திய அதே 8எஃப்1 ஆன்டிபாடியின் செயல்பாடே இடையில் மாறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். சந்தையில் கிடைத்த 16 ஆன்டிபாடிகளைப் பார்த்தார்கள். அந்தப் புரதத்தின் நான்கு வடிவங்களில் வேலை செய்யும் ஒன்றைப் பிரித்துக் காட்ட எதனாலும் முடியவில்லை. நோயாளிக்கு எந்த மருந்து என்று முடிவெடுக்க உதவும் என்று நம்பப்பட்ட சோதனையின் கதி இது.

மூன்றாவது வாதம் காசு. டொரொன்டோவில் எலெஃப்தெரியோஸ் டயமான்டிஸின் ஆய்வுக்கூடம், கணையப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பி, சியூஇசட்டி1 புரதத்தை ஆன்டிபாடி கொண்டு அளக்கும் எலைசா கிட் ஒன்றை வாங்கியது. அந்த கிட் உண்மையில் அளந்துகொண்டிருந்தது சிஏ125 என்ற வேறொரு புரதத்தை. அது தெரியவருவதற்குள் இரண்டு ஆண்டுகளும் சுமார் 5 லட்சம் டாலரும் போய்விட்டன. பணக்கார ஆய்வுக்கூடம் இந்த நஷ்டத்தைத் தாங்கும். ஒரே ஒரு திட்ட நிதியையும் ஒரு பிஎச்டி மாணவரின் ஐந்து வருடத்தையும் நம்பி ஓடும் நம் ஊர் ஆய்வுக்கூடம் தாங்குமா? காசில்லாதவர்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

அதற்கு ஆகும் செலவும் இவர் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஒய்காரோஸ் முடிவுகள் இணையத்தில் இலவசம். வாங்குவதற்கு முன் பார்க்கலாம். நாக்-அவுட் செல் இல்லையா, எஸ்ஐஆர்என்ஏ கொண்டு புரதத்தின் அளவைக் குறைத்து, பேண்டும் மங்குகிறதா என்று பார்க்கலாம். எந்த செல்லில் எந்த மரபணு இயங்குவதில்லை என்பதை ‘ஹ்யூமன் புரோட்டீன் அட்லஸ்’ காசில்லாமல் சொல்கிறது. அப்படிப்பட்ட செல்லையே கன்ட்ரோலாக வைக்கலாம். அதே புரதத்தின் வேறொரு பகுதியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியோடு ஒப்பிடலாம்.

அந்த மூன்று வாதங்களுக்கு அப்பால் அவர் சொல்வதில் ஒன்று உண்மை: வெஸ்டர்ன் பிளாட்டில் தேறியது திசுத் துண்டில் தேறாமல் போகலாம். பிளாட்டில் புரதம் மடிப்பு குலைந்து கிடக்கிறது. திசுவில் ஃபார்மலினில் இறுகிக் கிடக்கிறது. அதனால் சோதனையே பயனற்றது என்று முடிக்கிறாரே, அங்கேதான் தர்க்கம் தலைகீழாகிறது. எந்த வேலைக்கு ஆன்டிபாடியைப் பயன்படுத்துகிறோமோ அந்த வேலையிலேயே அதைச் சோதிக்க வேண்டும் என்பதற்குத்தான் இது ஆதாரம்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது ஒரு பேண்டைக் காட்டி இதுதான் அந்தப் புரதம் என்றால், அந்தப் புரதம் இல்லாத செல்லின் லேன் எங்கே என்று கேளுங்கள். உங்கள் கைடாக இருந்தாலும் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால், அந்த முடிவின்மேல் உங்கள் ஆய்வேட்டைக் கட்டாதீர்கள்.