அங்கேயும் தமிழனாம்!

"அங்கேயும் நம்ம ஆளுங்க இருக்காங்க சார்!" கரீபியன் பக்கம் போய் வருபவர்கள் பூரித்துப்போய்ச் சொல்லும் வசனம் இது. எனக்கு இந்தப் பூரிப்பு சுத்தமாய்ப் பிடிக்கவில்லை.

போன வருஷம் கப்பல் சுற்றுலாவில் குவாதலூப் தீவில் ஒரு நாள் இறங்கினோம். பிரான்சின் ஆளுகையில் இருக்கும் தீவு. நாற்பது பேர், ஒரு பஸ். காலையில் புவாந்த்-ஆ-பித்ர் ஊர்ச் சந்தை, பிறகு கார்பே அருவி, வழியில் சாங்கி என்ற இடத்தில் அம்மன் கோயில். கோயிலுக்கு ஒதுக்கிய நேரம் பதினைந்து நிமிஷம். எல்லோரும் போட்டோ எடுத்தாயிற்று. அங்கிருந்த பெரியவரிடம் நம்மவர் ஒருவர், "தமிழ் தெரியுமா?" என்றார். அவர் இல்லையென்று தலையசைத்தார். பஸ் ஏறியதும் ஒரே உச்சுக் கொட்டல்: "பாவம், தாய்மொழியை விட்டுட்டாங்களே!"

விட்டார்களா, பறிகொடுத்தார்களா? 1848ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மலிவாக ஆள் வேண்டியிருந்தது. 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரை 40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். அதில் நிறையப் பேர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பல் ஏறிய தமிழர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓட்டுரிமைகூட சும்மா கிடைக்கவில்லை. அந்த மண்ணிலேயே பிறந்த ஆன்றி சிதம்பரம் 1904ல் தொடங்கிய போராட்டம் 1923 வரை இழுத்தது.

இந்த நிலைமையில் இருந்தவர்களுக்கு நாம் தமிழ்ப் பரீட்சை வைக்கிறோம்! டில்லியிலும் புனேயிலும் நல்ல சம்பளம், ஃபோன், டிவி, வருஷத்துக்கு ஒருமுறை ஊர்ப் பயணம் எல்லாம் இருந்தும், நம்மில் எத்தனை பேர் பிள்ளைகள் தமிழில் ஒரு பக்கம் படிப்பார்கள்? ஒரே தலைமுறைதான் ஆகிறது ஐயா!

அவர்கள் காப்பாற்றியது நம் கண்ணில் படவில்லை. நம் கறி மசாலா அங்கே 'கொலம்போ' என்ற பெயரில் தீவு மொத்தத்துக்கும் சொந்தச் சமையல். பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்குப் பெயரே 'மத்ராஸ்'. நாங்களோ கப்பலிலிருந்து கட்டிவந்த புளியோதரையைப் பிரித்தோம்.

அதே ஊரில் பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015ல் அடிமை முறைக்கான நினைவு மையம் திறந்திருக்கிறார்கள். அது எங்கள் பட்டியலில் இல்லை. கடைகளுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம்! ஆப்பிரிக்கர்களைத் தின்ற அதே கரும்புதான் பிறகு நம்மவர்களையும் தின்றது. முதல் பாதியை விட்டுவிட்டு "நம்ம கோயில்" மட்டும் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

பணம் கட்டுவது நாம். ஆகவே கேட்க வேண்டியதும் நாம்தான். கடைத்தெருவைக் குறைத்து அந்த மையத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். கோயிலில் ஒரு மணி நேரம் கேளுங்கள். பெரியவர் யாராவது இருந்தால் தமிழ் தெரியுமா என்று கேட்காதீர்கள். "உங்க குடும்பம் எந்தக் கப்பல்ல வந்துச்சு?" என்று கேளுங்கள்.