எஞ்சினுக்கும் மூச்சு உண்டு

கோடை நெருங்கினால் சண்டிகர் வாழ் தமிழ் இளைஞர்களின் பேச்செல்லாம் லடாக், ஸ்பிதி என்றே இருக்கிறது. நம் சங்கக் கூட்டங்களிலும் கேசரி, காப்பிக்கு நடுவே ஜீப் பேச்சுதான். ஒருவர் பானெட்டுக்குள் திறந்த கூம்பு வடிவ ஏர் பில்டர் போட்டிருக்கிறார். இன்னொருவர் கண்ணாடி ஓரமாக ஸ்நார்கெல் குழாய் ஏற்றியிருக்கிறார். மூன்றாமவர் பெரிய இன்டர்கூலருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஆர்வம் நல்லதுதான். ஆனால் செலவு செய்யும் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. வட இந்தியாவில் ஒரு டீசல் ஷெட்டில் பல ஆண்டுகள் டர்போ எஞ்சின்களோடு குடும்பம் நடத்தியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். டீசல் எஞ்சினுக்கு எண்ணெயைவிடக் காற்றுதான் அதிகம் வேண்டும். 2.2 லிட்டர் டர்போ எஞ்சின் 3000 சுற்றில் பாரம் இழுக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினொரு சிறிய அறைகளின் காற்று அந்த ஒரு பில்டர் வழியே போயாக வேண்டும்.

வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்கர் சான்போர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய், உயரத்தில் இழந்த சக்தியை டர்போ மீட்டுத் தரும் என்று காட்டினார். ஆக, மலைக்கும் டர்போவுக்கும் உள்ள உறவு நூறாண்டுக்கு மேற்பட்டது.

சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பக்கம் சுடுவதைக் கண்டிருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடேறும். 30 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வெளியே வரும்போது ஏறக்குறைய 125 டிகிரி இருக்கும். சூடான காற்று விரிந்து போகும்; அதே இடத்தில் பிராண வாயு குறையும். அதை 60 டிகிரிக்குக் குளிர வைத்தால் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். இன்டர்கூலரின் வேலை இவ்வளவுதான்.

"லே நகரில்தான் குளிர் அடிக்கிறதே, அங்கே இன்டர்கூலர் எதற்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. லே 3500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சமவெளியில் கிடைத்த அதே அழுத்தம் வேண்டுமானால் டர்போ இரண்டு மடங்குக்குப் பதில் மூன்று மடங்கு அழுத்தியாக வேண்டும். வெளியே 10 டிகிரிக் குளிர் இருந்தாலும் அழுத்திய காற்று 150 டிகிரியைத் தாண்டும். டர்போவும் கூடுதல் வேகத்தில் சுழலும். ஆகவே மலையில்தான் காற்றுப் பாதையின் ஒவ்வொரு குறையும் வெளியே தெரியும்.

எங்கள் ஷெட்டில் டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் கரும்புகை கக்கிக்கொண்டு வந்தால், பலருக்கும் முதலில் இன்ஜெக்டர் மீதே சந்தேகம் போகும். அனுபவமுள்ள மேஸ்திரிகள் அதைத் தொடமாட்டார்கள். பில்டர் அடைந்திருக்கிறதா, குழாய் இணைப்பில் காற்று கசிகிறதா, ஆப்டர்கூலரில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எட்டாவது நாட்ச்சில் ஓட்டிக் காற்றழுத்தம் அளப்பார்கள். பெரும்பாலும் நோய் அங்கேயே அகப்பட்டுவிடும். இன்டர்கூலரைத்தான் ரயில்வேயில் ஆப்டர்கூலர் என்போம். அங்கே தண்ணீர் குளிர்விக்கிறது, ஜீப்பில் எதிர்க்காற்று குளிர்விக்கிறது.

அதே 16 சிலிண்டர் எஞ்சினின் சக்தியைப் பின்னாளில் 2600-லிருந்து 3100 குதிரை சக்தியாக உயர்த்தினார்கள். எப்படி? மேலான டர்போ, பெரிய ஆப்டர்கூலர், பெரிய எரிபொருள் பம்பு, உறுதியான கேம் ஷாப்ட் எல்லாம் சேர்ந்து மாறின. ஒன்றை மட்டும் மாற்றி யாரும் குதிரைகளைக் கூட்டவில்லை. கடைக்காரர் ஒற்றை பில்டர் டப்பாவைக் காட்டி "பத்து குதிரை கூடும் சார்" என்னும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூம்பு பில்டரையே எடுத்துக்கொள்வோம். அது பானெட்டுக்குள் எஞ்சின் அனலில் உட்கார்ந்து சுடுகாற்றை இழுக்கிறது. காற்றின் வெப்பம் 3 டிகிரி ஏறினால் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். 30 டிகிரி ஏறினால் 10 சதவீதம் போச்சு. இன்டர்கூலர் அதில் ஓரளவை மீட்டுத் தரலாம். ஆனால் அதன் வேலையை நாமே கூட்டிவைத்த கதைதான். கம்பெனி கொடுத்த மூடிய பெட்டி வெளிக்காற்றை இழுக்கிறது. அதற்கு ஈடு இல்லை. ஜெய்சால்மர் மணல் மேட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மண்தூள் டர்போவின் இறக்கையைத் தேய்க்கும். உள்ளே போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கும். அம்மியில் மிளகாய் அரைப்பதுபோல் சத்தமில்லாமல் நடக்கும் அரைப்பு இது. எண்ணெய் குறைந்து நீலப்புகை வரும்போது காலம் கடந்திருக்கும்.

அடுத்து ஸ்நார்கெல். இதற்கு நான் எதிரி இல்லை. 2021-இல் வந்த போர்ஸ் கூர்க்கா தொழிற்சாலையிலிருந்தே ஸ்நார்கெலோடு வந்தது. அதற்கும் சொல்லப்பட்ட நீர் ஆழம் 700 மில்லிமீட்டர்தான், அதாவது தொடையளவு. காற்று நுழையும் வாயை மட்டுமே ஸ்நார்கெல் உயர்த்துகிறது. மின் இணைப்புகள், ஆக்சில் மூச்சுக்குழாய், ரேடியேட்டர் பேன் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கின்றன. மூட்டுகளில் ரப்பர் சரியாகப் பொருந்தவில்லை என்றால் ஸ்நார்கெல் வெறும் அலங்காரம்; கீழ்மூட்டு வழியே தண்ணீர் ஏறும். தண்ணீரை அழுத்த முடியாது. 550 கன சென்டிமீட்டர் சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் சுமார் 36 மில்லிதான். அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். சத்ரு, பாதல் பக்கம் ஓடைகள் பனி உருகி மதியத்துக்கு மேல் பெருகும். காலையில் கடப்பதே புத்தி. தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பில்டர் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே எதுவும் செய்ய வேண்டும்.

பெரிய இன்டர்கூலர் வாங்குவதிலும் யோசனை தேவை. உள்ளளவு கூடினால் அதை நிரப்ப நேரம் பிடிக்கும். செங்குத்தில் ஊர்ந்து ஏறும்போது கால் அழுத்தியதற்கும் வண்டி இழுப்பதற்கும் இடையே தாமதம் தெரியும். மெதுவாகப் போகும் வண்டியில் எதிர்க்காற்றும் குறைவு. அதற்குமுன் வின்ச், நான்கு பெரிய விளக்குகள், சங்கக் கொடி எல்லாம் மாட்டிவிட்டு, பின்னால் ஐம்பதாயிரம் ரூபாய் இன்டர்கூலர் வைத்து என்ன பயன்? இருக்கிற இன்டர்கூலரின் தகட்டு இடுக்குகளில் ஒட்டிய சேற்றையும் பூச்சிகளையும் மெல்லிய நீர்த்தாரையால் கழுவினாலே பாதி வேலை முடிந்தது. டர்போ இருந்தும் இன்டர்கூலர் இல்லாமல் வந்த பழைய டீசல் வண்டிக்கு, தெரிந்த மெக்கானிக்கிடம் அளவு பார்த்து ஒன்று பொருத்துவது நியாயமான செலவு. புது வண்டிகளில் எரிபொருளின் அளவைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அதை மாற்றாமல் காற்றை மட்டும் கூட்டினால் சக்தி பெரிதாகக் கூடாது. மாற்றினாலோ புகை விதி, வாரண்டி, இன்ஷூரன்ஸ் மூன்றும் கேள்விக்குள்ளாகும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் வண்டியை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது.

ஆகவே என் வரிசை இதுதான்: காற்று முதலில் சுத்தமாக இருக்கட்டும், அடுத்து கசியாமல் போகட்டும், பிறகு குளிரட்டும். அதற்கும் மேல் ஆசை இருந்தால் புதுப் பொருள் வாங்கலாம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு புது பில்டர் போடுங்கள். காகித பில்டரைக் கம்ப்ரசரின் முழு அழுத்தத்தில் ஊதாதீர்கள்; கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. பில்டருக்கும் டர்போவுக்கும் இடையே உள்ள குழாயைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். மண்தூள் ஒட்டினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஹோஸ்களையும் கிளாம்ப்களையும் கையால் அசைத்துப் பாருங்கள். வெடித்த ஹோஸ் ஒன்றின் விலை சில நூறு ரூபாய். அதே ஹோஸ் தங்லங் லா கணவாயில், 5300 மீட்டர் உயரத்தில், குழந்தையும் மனைவியும் வண்டிக்குள் இருக்கையில் கழன்றுகொண்டால் அதற்கு விலை சொல்ல முடியாது. அந்த உயரத்தில் எஞ்சினைப் போலவே நமக்கும் மூச்சு குறைவு. மெக்கானிக்கோ பல மைல் தள்ளி.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போகும் வண்டிகளையெல்லாம் சங்க வளாகத்துக்கு வரவழைத்து, பானெட்டைத் திறந்து பார்த்துவிடலாம். என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் சிலர் இங்கே இருக்கிறோம். கையில் வேலை இல்லை, காதில் எஞ்சின் சத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது. வெள்ளைத் துணியை நாங்களே கொண்டுவருகிறோம்.