கூரை உடைந்தால் என்ன செய்வீர்கள்?

2016 மே 17இல் புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து லயன் வீடுகளைப் புதைத்தது நினைவிருக்கும். நமது மலைப்பகுதியில் மழையைச் சாதாரணமாக எண்ண முடியாது.

கல்மழையோ காற்றோ கூரையை உடைத்தால், முதலில் பிள்ளைகளைப் பத்திரமான அறைக்குக் கொண்டு போங்கள். ஈரக் கூரையில் யாரும் ஏற வேண்டாம். துப்புரவு செய்யுமுன் உள்ளும் புறமும் படமெடுங்கள். உடைந்த ஓடு, தகடுகளை வீசாதீர்கள். படங்கால் மூடினால் பற்றுச்சீட்டை வையுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் அன்றே அறிவியுங்கள்.

தீக்காப்புறுதியில் புயல், வெள்ளம், மண்சரிவு தாமாகச் சேர்ந்துவிடாது. பத்திரத்தை இன்றே வாசியுங்கள். கணவர் வெளிநாட்டில் என்றால் அதன் இலக்கம் உங்கள் கையிலும் இருக்கட்டும்.

நிலம் வெடித்தால், மரம் சாய்ந்தால், ஊற்று கலங்கினால் பத்திரத்தைத் தேடி நிற்காதீர்கள், உடனே வெளியேறுங்கள். வீட்டுக்கு நட்டஈடு உண்டு, உயிருக்கு ஈடில்லை.