முக்கலும் அழுகுணி ஆட்டமும்

பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்குச் சத்தம் ஒரு பொருட்டன்று. தறி ஓடும் தெருவில் பேசிப் பழகிய எங்கள் குரல் வெளியூரில் சற்று ஓங்கியே ஒலிக்கும். திருத்தணிப் பேருந்தில் நாங்கள் நலம் விசாரித்துக்கொண்டால், பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ தகராறு என்றெண்ணித் திரும்பிப் பார்ப்பார். இந்தக் காதுகளோடுதான் நாங்கள் மகளிர் டென்னிஸும் பார்க்கிறோம். ஆகவே பந்தை அடிக்கும்போது வீராங்கனைகள் எழுப்பும் ஒலியைப் பற்றி விம்பிள்டன் பருவந்தோறும் கிளம்பும் அங்கலாய்ப்பில் எங்களால் முழு மனத்தோடு கலந்துகொள்ள முடிவதில்லை. அது முற்றிலும் பொய்யென்று தள்ளிவிடவும் முடியவில்லை.

அந்த ஒலிக்கு ஆங்கிலத்தார் வைத்த பெயர் பன்றியின் உறுமலுக்கும் உரியது. தமிழில் 'முக்கல்' என்ற நல்ல சொல் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவர் முக்குகிறார். பிள்ளை பெறுகிறவள் முக்குகிறாள். துணியைக் கல்லில் ஓங்கி அடிப்பவர் 'உஸ்' என்பது யாரையும் ஏய்ப்பதற்கன்று, மூச்சு அப்படித்தான் வெளியேறும். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தாடும் பெண்களுக்குக் கந்துகவரியும், உலக்கை பிடித்த பெண்களுக்கு வள்ளைப்பாட்டும் உண்டு. உடல் உழைக்கும்போது வாய் மூடியிருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்முடையதன்று. நாம் சடுகுடு என்றும் எல்லைக்கு அப்பால் செடுகுடு என்றும் சொல்லும் ஆட்டத்தில் நிலைமை இன்னும் தலைகீழ். பாடிப் போகிறவர் காதில் விழும்படி பாடியாக வேண்டும். பாட்டு நின்றால் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

டென்னிஸில் இந்த வழக்கின் முதல் பெரிய பிரதிவாதி மோனிகா செலஸ். 1992 விம்பிள்டனில் கால் இறுதியில் நதாலி தோசியாவும் அரை இறுதியில் மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் அவருடைய சத்தம் பற்றி நடுவரிடம் முறையிட்டார்கள். லண்டன் பத்திரிகைகள் அவருடைய தொண்டையை அளக்கக் கருவியோடு புறப்பட்டன. அப்போது அவர் உலகின் முதல்நிலை ஆட்டக்காரி, வயது பதினெட்டு. இறுதி ஆட்டத்தில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிரே வாயை மூடிக்கொண்டு ஆடி, 2-6, 1-6 என்று தோற்றார். புல்தரையில் கிராஃப் எப்படியும் வென்றிருப்பார் என்பது எங்களில் சிலரின் கட்சி. இருக்கலாம். ஆனால் மூச்சு விடும் முறையைப் பற்றி யோசித்துக்கொண்டே ஆடுகிறவர் எதிரே வரும் பந்தை எந்த அளவுக்குப் பார்ப்பார்?

ஆண்கள் முக்காமலா இருந்தார்கள்? ஜிம்மி கானர்ஸ் முக்கினார், நடால் முக்கினார். 1988 அமெரிக்க ஓப்பனில் ஆந்த்ரே அகாசியின் சத்தம் பற்றி இவான் லெண்டில் புகார் சொன்னதும் உண்டு. அது ஒரு சச்சரவாக வந்து போயிற்று. பெண்கள் விஷயத்திலோ 2012 இல் மகளிர் டென்னிஸ் சங்கமே, அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு, இனி வரப்போகும் சிறுமிகளுக்குச் சிறுவயதிலேயே சத்தமின்றி ஆடக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. சிறுவர்களுக்கு அப்படியொரு பாடத்திட்டம் வந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. (அரினா சபலென்காவின் ஆட்டத்தைக் கேட்டவர்களுக்கு அந்தப் பாடம் எவ்வளவு பலித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.)

இனி மறுபக்கம். மட்டையில் பந்து படும் ஓசை வெறும் ஓசையன்று. அடி பலமானதா, சுழல் எவ்வளவு என்பதைக் கண்ணுக்கு முன்பே காது சொல்லிவிடும். அந்தச் செய்தியை முக்கல் மூடிவிடுகிறது என்பதே நவ்ரத்திலோவாவின் வாதம். 2010 இல் ஸ்காட் சினெட், ஆலன் கிங்ஸ்டோன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், அடியோடு சேர்த்துச் சத்தம் ஒலித்தபோது, பந்து எப்பக்கம் போகிறது என்று சொல்வதில் 21 முதல் 33 மில்லிவினாடி வரை தாமதமும் கூடுதல் பிழைகளும் ஏற்பட்டன. அங்கே ஒலித்தது உண்மையான முக்கல் அன்று, இரைச்சல். பார்த்தவர்கள் திரையின் முன் அமர்ந்திருந்தார்கள். ஆனாலும் சும்மா தள்ளிவிடக் கூடிய செய்தியன்று. பந்து மறுபக்கம் போய்ச் சேரும்வரை இழுத்துக் கத்துவதும், இக்கட்டான புள்ளியில் மட்டும் குரலை உயர்த்துவதும் முக்கல் ஆகா. எங்கள் தெருப் பிள்ளைகள் இதற்கு அழுகுணி ஆட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதற்குப் புது விதி எதுவும் தேவையில்லை. எதிராளியை வேண்டுமென்றே இடையூறு செய்தால் புள்ளியை இழக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. 2011 அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டத்தில் சமந்தா ஸ்டோசர் பந்தைத் தொடும் முன்பே செரீனா வில்லியம்ஸ் 'கமான்' என்று கூவியபோது, நடுவர் ஈவா அஸ்டெராக்கி புள்ளியை ஸ்டோசருக்குக் கொடுத்தார். செரீனாவுக்கு வந்த கோபத்தை உலகமே பார்த்தது. தீர்ப்பு சரி என்பதே எங்கள் கருத்து. சத்தம் அடியோடு பிறந்து அடியோடு முடிகிறதா, பந்தோடு சேர்ந்து பயணம் போகிறதா என்று கேட்க நடுவருக்கு ஒரு ஜோடிக் காது போதும், டெசிபல் கருவி வேண்டாம். கருவி உரத்த குரலை மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஏய்ப்பை அதற்கு அளக்கத் தெரியாது. அந்தக் காது ஆண்கள் ஆட்டத்திலும் திறந்திருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளி மாணவியரின் கபடிப் பயிற்சியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். பாடிப் போன சிறுமி ஒருத்தியின் குரல் கோட்டைத் தாண்டிக் கேட்கவில்லை. "சத்தமா பாடும்மா, எதுருல நிக்கறவளுக்கே கேக்கல" என்றார் ஆசிரியர். மதிலருகே நின்றிருந்த பெரியவர், "பொட்டப் புள்ளைங்க ஆடறதே பெருசு, இதுல கத்தவேற கத்துக்குடுக்கிறீங்களா சார்?" என்றார். ஆசிரியர் சிரித்து மழுப்பினார். அடுத்த முறை அவள் பாடிப் போனபோது குரல் இன்னும் தணிந்திருந்தது. நடுவராக நின்ற பெண் விசில் ஊதித் திருப்பி அனுப்பினாள்.