மறுபடி மறுபடி எரியும் மஞ்சள் விளக்கு

புதிதாகக் கார் வாங்கியவர்களிடம் "வண்டி எப்படி ஓடுகிறது?" என்று கேட்டால், "பிரமாதம்" என்ற ஒரே பதில்தான் வரும். அறுபது, எழுபது லட்சம் கொடுத்து வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கேட்கவே வேண்டாம். டாஷ்போர்டில் எஞ்சின் உருவத்தில் உள்ள சின்ன மஞ்சள் விளக்கு பத்து நாளைக்கு ஒரு முறை எரிகிறது என்பதை மட்டும் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் கௌரவக் குறைச்சல். இவ்வளவு பணம் கொடுத்து ஏமாந்துவிட்டார் என்று நாலு பேர் நினைத்துவிடுவார்களே!

தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் நம் பிள்ளைகள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். ஒரு ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த எங்கள் தலைமுறைக்கு, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு காருக்கு இவ்வளவு செலவா என்று தோன்றுவது இயற்கை. தோன்றட்டும். அவரவர் உழைப்பு, அவரவர் ஆசை. என் அபிப்பிராயம் வேறொரு விஷயத்தைப் பற்றியது. விளக்கு எரிகிறது, சர்வீஸ் சென்டரில் அணைத்துத் தருகிறார்கள், மறுபடி எரிகிறது, மறுபடி அணைக்கிறார்கள். இதைப் பழுதுபார்ப்பு என்று ஏற்றுக்கொண்டு நாம் வீடு திரும்பக் கூடாது என்பதே அது.

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். புதுக் கார். ஏழு மாதத்தில் நான்கு தடவை இந்த விளக்கு எரிந்தது. நான்கு தடவையும் வண்டியை விட்டுவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வாங்கி வந்திருக்கிறார். ஜாப் கார்டுகளை நான் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் "சென்சார் கோளாறு, சரி செய்யப்பட்டது" என்றிருந்தது. மற்ற மூன்றிலும் "பரிசோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது". எந்தச் சென்சார், என்ன கோளாறு, எதைச் சரி செய்தார்கள் என்பதற்கு ஒரு வார்த்தை கிடையாது. "இது எரியாமல் இருக்க ஏதாவது வழி உண்டா?" என்று அன்பர் என்னைக் கேட்டார். எரியாமல் இருக்க வழி கேட்பதை விட, ஏன் எரிகிறது என்று கேட்பதுதான் முறை என்றேன்.

இந்த விளக்குக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சர்வீஸ் சென்டரில் பேசுவது சுலபம். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இந்தத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒரே மாதிரியாகக் கட்டாயமானது. நம் நாட்டில் 2010-இல் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. புகையில் நச்சு அதிகமாகாமல் காப்பதே இதன் மூல நோக்கம். எஞ்சின் கணினி ஒரு கோளாறைக் கண்டால் அதற்கு ஒரு குறி எண்ணைப் பதிந்துகொள்ளும். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் சரியாகப் பற்றவில்லை. பி 0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். பி 0420 என்றால் கேடலிடிக் கன்வர்ட்டர் போதுமான அளவு வேலை செய்யவில்லை. பி 0455 என்றால் பெட்ரோல் ஆவி எங்கோ பெரிய அளவில் கசிகிறது. இந்தக் கடைசி எண் பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால்கூட வரும்.

எண்ணோடு இன்னொன்றையும் கணினி பதிந்துகொள்ளும். கோளாறு ஏற்பட்ட அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, தண்ணீரின் சூடு எவ்வளவு, வண்டியின் வேகம் என்ன, எவ்வளவு பாரம் இழுத்தது என்ற விவரங்கள் புகைப்படம் எடுத்தது போல அப்படியே நிற்கும். பழுதுபார்ப்பவனுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. விளக்கை அணைக்க ஒரு பொத்தானை அழுத்துகிறார்களே, அப்போது குறி எண்ணோடு சேர்ந்து இந்த விவரமும் அழிந்துபோகிறது. திருட்டு நடந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் கழுவிவிட்டு, பிறகு போலீஸைக் கூப்பிடுவது போலத்தான்.

அணைத்த விளக்கு ஏன் உடனே எரியாமல் ஒரு வாரம் கழித்து எரிகிறது? பல சோதனைகளைக் கணினி எல்லா நேரமும் செய்வதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓடினால்தான் கன்வர்ட்டர் சோதனை நடக்கும். ஆவிக் கசிவுச் சோதனைக்கு டாங்கில் பெட்ரோல் நிறைந்தும் இருக்கக் கூடாது, வறண்டும் இருக்கக் கூடாது. மேலும் பெரும்பாலான கோளாறுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறை தெரிந்தால்தான் விளக்கு எரியும். ஆகவே அழித்த மறுநாள் விளக்கு எரியாமல் வண்டியை ஒப்படைப்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. சோதனையே இன்னும் நடக்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

டீசல் ஷெட்டில் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்றை ஒப்பிட்டுச் சொல்கிறேன். டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினில் 16 சிலிண்டர்கள், 2,600 குதிரைசக்தி. தண்ணீர் மிதமிஞ்சிச் சூடானால் மணி அடிக்கும், விளக்கு எரியும். மின்கசிவு ஏற்பட்டால் கிரவுண்ட் ரிலே விழும். டிரைவர் அதை ரீசெட் செய்து வண்டியை நகர்த்தலாம். ஆனால் செய்ததை லாக் புத்தகத்தில் எழுதியாக வேண்டும். ஒரே கோளாறு இரண்டாம் முறை எழுதப்பட்டு எஞ்சின் ஷெட்டுக்கு வந்தால் அதற்கு ரிபீட் புக்கிங் என்று பெயர். அதைச் சாதாரணப் பழுதாக யாரும் பார்க்க மாட்டார்கள். "போன தடவை என்ன பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள்?" என்பதுதான் மேலதிகாரியின் முதல் கேள்வி. பதில் சொல்லத் திணறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏர் கண்டிஷன் அறையில் காபி கொடுத்து உபசரிக்கும் சர்வீஸ் சென்டரில் அந்தக் கேள்வியைக் கேட்க மேலதிகாரி யாரும் இல்லை. வண்டியின் சொந்தக்காரர்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்குக் கையில் சரக்கு வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் செருகி, குறி எண்ணைக் கைபேசியில் படிக்கும் சிறு கருவியின் விலை, குடும்பத்தோடு ஒரு வேளை ஹோட்டலில் சாப்பிடும் செலவுக்குள் அடங்கும். விளக்கு எரிந்த அன்றே எண்ணையும் கூட இருக்கும் விவரங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழிக்கும் பொத்தானை மட்டும் நீங்கள் தொட வேண்டாம். கடைசியாக அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கையும் இந்தக் கருவிகள் பல காட்டும். "நாங்கள் எதையும் அழிக்கவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்பவர்களிடம் அந்தக் கணக்கைக் காட்டினால் பேச்சின் தொனியே மாறும்.

அடுத்தபடியாக, ஜாப் கார்டில் மூன்று விவரங்களை எழுதச் சொல்லுங்கள்: வந்த எண், கண்டுபிடித்த காரணம், செய்த வேலை. எழுத மறுத்தால் அன்று மாலையே ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்கள். எஞ்சின் சூடான பிறகே வரும் கோளாறு என்றால், குளிர்ந்து கிடக்கும் வண்டியை ஷெட்டுக்குள் வைத்துப் பார்த்துப் பயனில்லை. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, பதிவான அதே வேகத்தில், அதே சூட்டில் ஓட்டிக் காட்டுங்கள். முதல் சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை என்று எண் சொன்னால், அதன் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவது சிலிண்டரில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். எண் 0301 என்பது 0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், வால்வு என்று தேடிப்போக வேண்டும். கொஞ்ச நேர வேலைதான். இதைச் செய்யாமல் ஊகத்தின் பேரில் சென்சார் சென்சாராக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எல்லாக் குற்றத்தையும் கம்பெனியின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஸ்போர்ட்ஸ் கார் தரையை ஒட்டிப் போகும் வண்டி. நம் காலனி வேகத்தடைகளில் அடிவயிறு இடித்து ஆக்ஸிஜன் சென்சாரின் வயர் அறுபடலாம். மழைநாளில் தேங்கிய தண்ணீரில் இறங்கினால் கனெக்டருக்குள் ஈரம் புகும். எலி வயரைக் கடிப்பது தில்லியில் எல்லா வண்டிக்கும் பொதுவான தொல்லை. வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே வெளியே எடுக்கும் காரில் பாட்டரி இறங்கிப்போய், சம்பந்தமே இல்லாத நாலைந்து விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். அப்போது முதலில் பாட்டரியைத்தான் பார்க்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் சில பங்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் எஞ்சின் கூடுதலாக எரிபொருள் கேட்கும். குறைந்த எத்தனாலுக்கென்று கணக்கிட்ட வண்டியில் காற்று அதிகம் என்ற எண் வர இதுவும் ஒரு காரணம் ஆகலாம். பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் என்ன ஆக்டேன், எத்தனை சதவீத எத்தனால் என்று எழுதியிருப்பதை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. தெருவையே எழுப்பும் சைலன்ஸர் மாட்டியிருக்கிறார்களா, கூடுதல் சக்திக்காக எஞ்சின் கணினியின் புரோகிராமை வெளியே கொடுத்து மாற்றியிருக்கிறார்களா என்பதுதான். சில வண்டிகளில் புரோகிராம் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையே கணினியில் நிற்கும். அப்படி மாற்றிய பிறகு வாரன்டி பற்றிப் பேசப் போனால் நம் பக்கம் பலமில்லை.

விளக்கு நின்று எரிந்தால் நிதானமாக ஓட்டிச் சர்வீஸுக்குப் போகலாம். மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகிவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, ஓரமாக நிறுத்திவிடுங்கள். சிவப்பில் எண்ணெய்க் குவளை தெரிந்தால் எஞ்சினை அந்த இடத்திலேயே அணைத்துவிட வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்கு வரை போய்ப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனிச் சட்டம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982-இலேயே புதுக் கார்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே கோளாறை நான்கு தடவை பார்த்தும் சரியாகவில்லை என்றாலோ, வண்டி மொத்தம் 30 நாளுக்கு மேல் பட்டறையில் கிடந்தாலோ, நியாயமான வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டமே அனுமானிக்கிறது. உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் இரண்டு தடவை போதும். நம் நாட்டில் இப்படி எண்ணிக்கை சொல்லும் சட்டம் இல்லை. வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ் வழக்குப் போட்டவுடன் புதுக் கார் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில், வாரன்டி விதிப்படி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதே கடமை, காரையே மாற்றச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. 2010-இல் எஞ்சின் சத்தம் தொடர்பான இன்னொரு வழக்கில், சுயேச்சையான நிபுணர் பரிசோதித்து உற்பத்தியிலேயே குறை என்று கண்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. ஆக, ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது என்பதைக் காட்டும் காகிதங்கள் நம்மிடம் இருந்தால்தான் அந்த நிபுணருக்கே ஆதாரம் கிடைக்கும். "பரிசோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது" என்ற மூன்று காகிதங்கள் நமக்கு எதிராகத்தான் பேசும்.

ஊர் ஊராக மாற்றலாகிற நம்மவர்களுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு. காரைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், இப்போது வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பாருங்கள், தமிழிலும் பேசலாம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. வாரன்டியும் முடியட்டும், அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் முதல் ஜாப் கார்டை எடுத்து, அதில் போட்டிருக்கும் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.